ஆரம்ப வகுப்பிலேயே ஏன் இந்த வதை? வன்னிப் பெற்றோர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

இலங்கையின் வடக்கே வன்னியில் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிற ஆள் நான். தரம் 1 முதல் 5 வரையான பிள்ளைகளின் தாய் தகப்பன்மார், வகுப்பில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைத் திரும்பத் திரும்ப வதைப்பதைப் பற்றி, பெற்றோர் கூட்டம் முடிந்த பிறகு வாசலில் மறித்துக் கேட்கிற கேள்விகள் இவை. கூட்டத்துக்குள் கேட்க வெட்கப்படுவார்கள், வெளியே வந்துதான் கேட்பார்கள். என்ன செய்வது என்பதைவிட ஏன் நடக்கிறது என்பதைத்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் காரணம் தெரியாமல் செய்கிற வைத்தியம் பெரும்பாலும் யாரோ ஒரு பிள்ளைக்கு அடி விழுவதில்தான் முடிகிறது.

சின்னப் பிள்ளைகள் அடிபடுவது வழமைதானே, இதைப் போய் ஏன் பெரிதாக்க வேண்டும்?

அடிபடுவது வழமைதான். ஒரு அழிறப்பருக்காக இரண்டு பேர் இழுபட்டு, சட்டைப் பொத்தான் அறுந்து, இடைவேளை முடிவதற்குள் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்பதை ஒவ்வொரு நாளும் பார்க்கிறோம். அதற்கெல்லாம் பெரியவர்கள் தலையிடவே தேவையில்லை.

நான் சொல்வது வேறு. இந்த விடயத்தை 1970களில் முதன்முதலாக ஒழுங்காக ஆராய்ந்தவர் டான் ஒல்வேயஸ், சுவீடனில் பிறந்து நோர்வேயில் வேலை செய்த உளவியலாளர். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, செய்கிற பிள்ளைக்கும் படுகிற பிள்ளைக்கும் பலம் சமமாக இல்லாதது என்று மூன்று அடையாளங்களை அவர் வைத்தார். இந்த மூன்றாவதைத்தான் நாங்கள் கவனிக்காமல் விடுகிறோம். பலம் என்றால் உடம்பு மட்டுமில்லை: பக்கத்தில் நிற்கிற ஆட்கள் எத்தனை பேர், அப்பா யார், காலில் சப்பாத்தா தேய்ந்த செருப்பா, ரீச்சருக்கு யாரைப் பிடிக்கும், எல்லாமே எட்டு வயதுப் பிள்ளைக்குப் பலம்தான். ஒரு பிள்ளை நாள்தோறும் அதே பிள்ளையின் கொப்பியை ஒளித்து, அதே பட்டத்தைச் சொல்லிக் கூப்பிட்டு, மற்றப் பிள்ளையால் திருப்பி ஒன்றும் செய்ய ஏலாமல் இருக்குதென்றால் அதைச் சண்டை என்று சொல்லிக் கடந்து போகக் கூடாது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த வியாதி என்றும் நினைக்க வேண்டாம். யுனெஸ்கோ 2019இல் பல நாடுகளின் தரவுகளைச் சேர்த்து வெளியிட்ட அறிக்கைப்படி, ஏறத்தாழ மூன்றில் ஒரு மாணவர் முந்தைய ஒரு மாதத்துக்குள் ஒரு தடவையாவது சக மாணவர்களால் வதைக்கப்பட்டிருந்தார்.

மற்றப் பிள்ளைகளை வதைக்கிற பிள்ளை உள்ளுக்குள் பயந்த பிள்ளை, தாழ்வு மனப்பான்மை உள்ள பிள்ளை என்கிறார்களே?

சில பிள்ளைகள் அப்படித்தான். வீட்டில் நொந்து வந்து, யார் தொட்டாலும் பாய்கிற பிள்ளைகள் உண்டு, அவர்கள் வதைப்பவர்களாகவும் வதைபடுகிறவர்களாகவும் ஒரே நேரத்தில் இருப்பார்கள், அவர்களுடைய நிலைதான் எல்லாரையும்விட மோசம். ஆனால் எல்லாரும் அப்படி என்று சொல்வது பிழை. ஒல்வேயஸ் அதைத் தேடிப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு மற்றவர்களைவிடக் கூடுதலான பயமோ தாழ்வுணர்ச்சியோ இல்லை என்றுதான் எழுதினார். இங்கிலாந்தில் 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 1999இல் வெளியான ஆய்வொன்றில், கூட்டத்துக்குத் தலைமை தாங்கி வதைக்கிற பிள்ளைகள் மற்றவர் மனதில் என்ன ஓடுகிறது என்பதை நன்றாகவே கணிப்பவர்களாக இருந்தார்கள். எந்த இடத்தில் தொட்டால் யார் அழுவார், யார் ரீச்சரிடம் போக மாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் ஏன் செய்கிறார்கள்? கிடைக்கிறது, செய்கிறார்கள். வகுப்பில் ஓர் இடம் கிடைக்கிறது, நாலு பேர் சிரிக்கிறார்கள், மற்றவர்கள் கொஞ்சம் பயந்து வழிவிடுகிறார்கள், விளையாட்டில் யார் எந்தப் பக்கம் என்று பிரிக்கிற உரிமை கைக்கு வருகிறது. பார்க்க ஆளில்லாத இடத்தில் இந்தச் சேட்டை பாதிகூட நடக்காது. கனடாவில் ஆய்வாளர்கள் தரம் 1 முதல் 6 வரையான பிள்ளைகளை விளையாட்டு மைதானத்தில் ஒளிப்பதிவு செய்து 306 சம்பவங்களை ஆராய்ந்தார்கள் (2001இல் வெளியானது). அதில் 88 வீதமான சம்பவங்களில் வேறு பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். யாராவது ஒரு பிள்ளை குறுக்கிட்டது 19 வீதத்தில்தான். ஆனால் குறுக்கிட்டபோது, அதில் பாதிக்கும் மேலான தடவைகளில், 57 வீதத்தில், 10 செக்கனுக்குள் எல்லாம் நின்றுவிட்டது. இந்தக் கடைசி எண்ணை நான் எல்லாப் பெற்றோருக்கும் சொல்வேன். உங்கள் பிள்ளை வதைக்கிறதும் இல்லை, வதைபடுகிறதும் இல்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்களா, அப்படியென்றால் உங்கள் பிள்ளை சுற்றி நின்று பார்க்கிற பிள்ளை.

எத்தனையோ பிள்ளைகள் இருக்க, ஏன் குறிப்பிட்ட ஒரு பிள்ளையைப் பிடிக்கிறார்கள்?

எனக்கு மனம் கொதிக்கிற இடம் இதுதான்.

திக்கிப் பேசுகிற பிள்ளை, கறுப்பான பிள்ளை, மெலிந்த பிள்ளை, உடம்பு வைத்த பிள்ளை, காது கேட்காத பிள்ளை, நடுவில் வந்து சேர்ந்த பிள்ளை என்று எந்த நாட்டுப் பள்ளிக்கூடத்திலும் நடக்கிற தேர்வு இங்கேயும் நடக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான் காரணம் என்றால் சுருட்டைத் தலை, கண்ணாடி போட்ட பிள்ளை, இடதுகையால் எழுதுகிற பிள்ளை எல்லாரும் சமமாகப் பட வேண்டும். அப்படி நடப்பதில்லை. எந்த வித்தியாசத்தைப் பிடித்து நோகடிக்கலாம் என்பதை ஐந்து வயதுப் பிள்ளை தானாகக் கண்டுபிடிப்பதில்லை. அதைப் பெரியவர்கள் நாங்கள்தான் காட்டிக் கொடுக்கிறோம்.

வன்னி பல இடத்து ஆட்கள் வந்து சேர்ந்த மண். பரம்பரையாக இங்கேயே இருக்கிறவர்கள், இரணைமடுக் குளத்தின் கீழ் குடியேற்றத் திட்டங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து காணி பெற்று வந்தவர்கள், மலையகத்திலிருந்து 1970களின் பட்டினியாலும் 1977, 1983 கலவரங்களாலும் விரட்டப்பட்டு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். மலையகத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும்தான் இப்போது என் வகுப்பில் இருக்கிறார்கள். மலையகத்தைக் கண்ணால் கண்டிராத, முத்தையன்கட்டுத் தண்ணீரும் வன்னி வெயிலும் மட்டுமே தெரிந்த ஒரு பிள்ளையைப் பார்த்து இன்னொரு பிள்ளை "தோட்டக்காட்டான்" என்கிறது. தோட்டத்திலிருந்து வந்தவர்களை இழிவாகச் சொல்கிற இந்தச் சொல் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. வயல் வேலைக்கு ஆள் வராத கோபத்தில் அப்பா சொன்னதாக இருக்கும், காணிப் பிரச்சினையில் அம்மம்மா சொன்னதாக இருக்கும், பிள்ளை சாப்பிட்டுக்கொண்டே கேட்டிருக்கும். சாதியும் இப்படித்தான் வகுப்பறைக்குள் வருகிறது, பேர் சொல்லாமல் வருகிறது: "அவையின்ர வீட்டில தண்ணி குடிக்காதே" என்று வீட்டில் ஒரு தரம் சொன்னால் போதும், அடுத்த நாள் அந்தப் பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலை யாரும் தொட மாட்டார்கள்.

அப்புறம் அப்பா இல்லாத பிள்ளைகள். யுத்தத்துக்குப் பிறகு பெண்கள் தனியே நடத்துகிற குடும்பங்கள் வன்னியில் ஏராளம், நுண்கடன் கட்ட முடியாமல் அல்லாடுகிற தாய்மார் ஏராளம், அம்மா மத்திய கிழக்கில், பிள்ளை அம்மம்மாவோடு என்ற வீடுகளும் உண்டு. கடன்காரன் வாசலில் நின்று சத்தம் போட்டதை ஊரே பார்த்திருக்கும். அடுத்த நாள் வகுப்பில் அதை நடித்துக் காட்ட ஒரு பிள்ளை வரும், சிரிக்கப் பத்துப் பிள்ளைகள் வரும். தட்டிக் கேட்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளை என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும், அந்தக் கணக்கை அவர்கள் எங்களிடமிருந்துதான் படித்தார்கள், ஏனென்றால் ஊரில் எல்லைச் சண்டை வந்தாலும் தண்ணீர் முறைச் சண்டை வந்தாலும் முதலில் அமுக்கப்படுவது அதே வீடுதான்.

யுத்தம்தானே எல்லாவற்றுக்கும் காரணம்?

ஒரு பகுதிக் காரணம். ஆனால் இன்று தரம் 5 வரை படிக்கிற எந்தப் பிள்ளையும் யுத்தத்தைக் கண்டதில்லை, எல்லாரும் 2009 மே மாதத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். கண்டது அவர்களுடைய பெற்றோர். அன்று வன்னியிலிருந்து கிட்டத்தட்ட 3 இலட்சம் பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள், செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. அங்கே தண்ணீர் வரிசையில் நின்ற சிறுவர் சிறுமியர்தான் இன்று என் மாணவர்களின் அம்மா அப்பா. வன்னி மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் எழுதியபோது, பாதிப்பு தனி ஆளோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக் குலைப்பதைத்தான் அழுத்திச் சொன்னார்.

இதற்கும் வகுப்பறைக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அந்த வழி வீட்டுக்குள்ளால் போகிறது. வடகிழக்கில் 296 தமிழ் மாணவர்களிடம் எடுத்து 2008இல் வெளியான ஆய்வொன்றில், பிள்ளைகள் வீட்டில் அனுபவித்த வன்முறை இரண்டு விடயங்களோடு தொடர்புபட்டிருந்தது: யுத்த அனுபவம் ஒன்று, தகப்பனின் குடி மற்றது. கசிப்பு எந்த ஒழுங்கையில் கிடைக்கும் என்று தெரியாத கிராமம் வன்னியில் குறைவு. அதனால் "யுத்தம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. யுத்தத்தை நாங்கள் யாரும் இனித் திருத்த முடியாது, இன்றிரவு குடித்துவிட்டு வந்து பிள்ளைக்கு முன்னால் பெண்சாதியை அடிப்பதை நிறுத்த முடியும்.

நாங்கள் வீட்டில் கை வைப்பதே இல்லை. பிறகும் என் மகன் ஏன் இப்படி?

இருக்கலாம், எல்லாம் அடியில் இருந்து வருவதில்லை. 1961இல் அல்பேர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் செய்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும்: பெரியவர் ஒருவர் ஊதிய பொம்மையை அடித்து உதைப்பதை முன்பள்ளி வயதுப் பிள்ளைகள் பார்த்தார்கள், பிறகு தனியே விட்டபோது அதே அடியை, அதே சொற்களோடு செய்தார்கள். அவர்களை யாரும் அடிக்கவில்லை, பார்த்தது போதுமாயிருந்தது. ஆகவே நீங்கள் கை வைக்காவிட்டாலும், கடைக்காரப் பெடியனோடு எப்படிப் பேசுகிறீர்கள், கூலிக்கு வந்த அண்ணருக்கு எந்தக் கோப்பையில் தேத்தண்ணி கொடுக்கிறீர்கள், இதெல்லாம் பாடம்தான். அத்தோடு, எதற்கும் "இல்லை" கேட்காமல் வளர்ந்த பிள்ளையும் வகுப்பில் "இல்லை" என்று சொல்கிற பிள்ளையைத் தாங்க மாட்டாது.

ஆசிரியர்களுக்கு இதில் பங்கில்லையா?

இருக்கிறது, பெரிய பங்கு.

பள்ளிக்கூடத்தில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், ஆசிரியர் அறைந்ததில் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் வழக்கில், அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது, அதாவது சித்திரவதையையும் கொடூரமான நடத்தையையும் தடுக்கிற உறுப்புரை. இவ்வளவுக்குப் பிறகும் அடிமட்டமும் பூவரசம் கம்பும் சில வகுப்புகளில் மேசையில்தான் இருக்கின்றன. பெற்றோரும் "தோலை உரியுங்கோ சேர், கண்ணை மட்டும் விடுங்கோ" என்று சொல்லித்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

அடியைவிடப் பொல்லாதது வாய். ஒரு ரீச்சர் ஒரு பிள்ளையை வகுப்புக்கு முன்னால் "மொக்கு" என்று சொன்னால், அந்த நிமிடத்திலிருந்து அந்தப் பிள்ளையை மொக்கு என்று கூப்பிட முப்பது பிள்ளைகளுக்கு அனுமதி கிடைத்துவிடுகிறது. பேன் இருக்கிறது என்று ஒரு பெண் பிள்ளையைத் தனி வாங்கில் இருத்துவதும், பள்ளிக்கூடத்துக்குக் காசு கட்டாத பிள்ளைகளின் பெயரை உரத்து வாசிப்பதும், புள்ளிப்படி வரிசையாக இருத்துவதும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

இன்னொன்று மேற்பார்வை. உள்கிராமப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் போதாது, ஒருவர் இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பார்ப்பார், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து போகிறவருக்கு பஸ் பிந்தினால் முதற்பாடம் வெறுமையாகக் கிடக்கும். மொனிற்றர் கையில் வகுப்பைக் கொடுப்பார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் "கதைக்கிறவர்களின் பெயரை எழுது" என்று சோக்குக் கட்டியைக் கொடுத்தால், யாருடைய பெயர் எழுதப்படும், கச்சான் கொடுத்து யார் தப்புவார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

புலமைப்பரிசில் பரீட்சைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தரம் 3இலேயே ரியூசன் தொடங்கிவிடுகிறது, தரம் 5 வந்ததும் பிள்ளைக்குப் பெயர் போய்ப் புள்ளி வந்துவிடுகிறது. "அவள் 160, இவன் 70" என்று பிள்ளைகளே ஒருவரை ஒருவர் அறிமுகம் செய்கிறார்கள். வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்தவர்களின் படம் பெரிய பனராக வாசலில் தொங்குகிறது, மற்றப் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் அதற்குக் கீழால் நடந்து வகுப்புக்குப் போகிறார்கள். இப்படி வரிசைப்படுத்தப்பட்ட வகுப்பில் கீழே இருக்கிறவரை மிதிப்பது பிள்ளைகளுக்குப் பிழையாகவே தெரியாது. விளையாட்டு நேரத்தையும் சித்திரப் பாடத்தையும் பயிற்சி வினாத்தாள் தின்றுவிடுவதால், படிப்பில் பின்னுக்கு நிற்கிற பிள்ளை தன் கெட்டித்தனத்தைக் காட்ட வேறு இடமும் இல்லை. பந்து நன்றாக அடிக்கிற பெடியனுக்கு மைதானத்தைப் பூட்டிவிட்டால் அவன் தன் கையை வகுப்புக்குள் காட்டுவான்.

பெண் பிள்ளைகள் இப்படிச் செய்வதில்லைத்தானே?

செய்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாது. ஆண் பிள்ளைகளில் அடி, தள்ளல், பட்டம் கூட. பெண் பிள்ளைகளில் "கோவம்" போட்டுவிட்டு ஒரு கிழமை முழுக்க வகுப்பையே பேச விடாமல் செய்வது, கிளித்தட்டுக்குச் சேர்க்காமல் விடுவது, இரகசியத்தைப் பரப்புவது. சின்ன விரலால் கோவமும் நேசமும் போட்டு விளையாடுவது சின்ன வயதில் எல்லாரும் செய்ததுதான், அது ஒரு பிள்ளைக்கு எதிராக மட்டும் மாதக்கணக்கில் நீளும்போது உடம்பில் காயமில்லாத வதையாகிவிடுகிறது. ஆண் பிள்ளைகளும் இதைச் செய்வார்கள், பெண் பிள்ளைகளும் அடிப்பார்கள், கோடு போட்டுப் பிரிக்க முடியாது.

போன்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்கிறார்களே?

கொஞ்சம். சண்டை விளையாட்டும் ஆளை அடித்துச் சிரிக்கிற வீடியோவும் நல்லதில்லை. ஆனால் போன் இல்லாத காலத்திலும் இது நடந்தது. பெரியவர்கள் போனைக் குற்றம் சொல்வது லேசு, அதனால் சொல்கிறார்கள்.

எந்த இடத்தில், எந்த நேரத்தில் அதிகம் நடக்கிறது?

பெரியவர் கண் படாத இடத்தில். மலசலகூடத்தின் பின்பக்கம், தண்ணீர்ப் பைப்படி, மதியச் சாப்பாட்டு வரிசை, ஆசிரியர் வராத பாடம். வன்னியில் இதோடு வீதியையும் சேர்க்க வேண்டும். இரண்டு மூன்று கிலோமீற்றர் பற்றைக்காட்டு வழியே நடந்தோ சைக்கிளிலோ வருகிற பிள்ளைகள் உண்டு, 1.30 மணிக்கு மணி அடித்த பிறகு அந்த வழியில் ஒரு ஆசிரியரும் இல்லை, பெற்றோரும் வயலில். புத்தகப்பையை வாய்க்காலில் எறிவதும் சைக்கிள் காற்றைத் திறந்துவிடுவதும் அங்கேதான். காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போக மறுக்கிற பிள்ளையிடம், வகுப்பைப் பற்றிக் கேட்பதற்கு முதல் வழியைப் பற்றிக் கேளுங்கள்.

"நீயும் திருப்பி அடி" என்று சொல்லிக் கொடுக்கலாமா?

சொல்லாதீர்கள். பலம் சமமில்லாத இடத்தில் திருப்பி அடிக்கச் சொன்னால் பிள்ளை இன்னும் அடி வாங்கும், அடிக்க முடியாமல் போனதற்காக உங்களுக்கு முன்னாலும் கூனிக் குறுகும். பிறகு உங்களிடமும் சொல்லாது. "சத்தமாக நிப்பாட்டு என்று சொல்லிவிட்டு ஆட்கள் இருக்கிற பக்கம் வா, வந்து எங்களுக்குச் சொல்லு" என்று சொல்லுங்கள். வகுப்பில் ஒரே ஒரு நல்ல கூட்டாளி இருந்தாலே பிள்ளை தப்பித்துக்கொள்ளும், ஆகவே அப்படியொரு கூட்டாளியைச் சனிக்கிழமை வீட்டுக்கு விளையாடக் கூப்பிடுங்கள், யாருடைய பிள்ளை, எந்தப் பகுதி என்று பார்க்காமல் கூப்பிடுங்கள்.

வதைக்கிறது என்னுடைய பிள்ளைதான் என்று தெரிந்தால்?

அடிக்க வேண்டாம், மூடி மறைக்கவும் வேண்டாம். "பகிடிக்குத்தான் செய்தவன்" என்று வக்காலத்து வாங்குகிற பெற்றோரைத்தான் நான் அதிகம் காண்கிறேன். என்ன நடந்தது என்று ஆறுதலாகக் கேளுங்கள், யார் சிரித்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். நொந்த பிள்ளைக்கு என்ன திருப்பிக் கொடுக்கலாம் என்பதை அவனே யோசித்துச் செய்யட்டும், கிழித்த கொப்பியை எழுதிக் கொடுப்பது போல. அவனுக்கு ஆட்களைச் சேர்க்கிற கெட்டித்தனம் இருக்கிறது, அதற்கு ஒரு வேலை கொடுக்கச் சொல்லி வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். அத்தோடு அவன் சொன்ன பட்டம் உங்கள் வீட்டில் யார் வாயில் இருந்து வந்தது என்று தேடிப் பாருங்கள்.

சொல்லியும் நிற்கவில்லை. யாரிடம் போவது?

முதலில் வகுப்பாசிரியர், பிறகு ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர், பிறகு அதிபர். மற்றப் பிள்ளையின் வீட்டுக்கு நேரே போய்ச் சத்தம் போட வேண்டாம், பிள்ளைகளின் பிரச்சினை இரண்டு குடும்பத்தின் பகையாகிவிடும். அதிபரும் அசையாவிட்டால் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், வீட்டுச் சூழ்நிலையும் சேர்ந்த பிரச்சினை என்றால் அவரிடம் போவது நல்லது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்குக் கட்டணமில்லாமல் எடுக்கலாம், தமிழில் பேசலாம், பிள்ளையே எடுத்துப் பேசலாம். எங்கே போனாலும் வாயால் மட்டும் சொல்லாமல் திகதி, இடம், நடந்தது, பக்கத்தில் நின்றவர்கள் யார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாத அம்மாமார் தெரிந்த ஆசிரியர் யாரிடமாவது கேட்டால் எழுதித் தருவார்கள், என்னிடம் வந்தாலும் எழுதித் தருவேன்.